பத்தரை மணிக்கு விளக்கு எரிய வேண்டும்

"டீச்சர், உங்க கால்ல வேணா விழறனுங். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பாடத்த நல்லா நடத்திப்போடுங்" என்று சுலோச்சனா போனில் கேட்டபோது ரேணுகாதேவிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. காலங்காத்தாலே ஒரு வாத்தியாரம்மாவிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரு கையில் தோசைக் கரண்டி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், கல்லில் தோசை வேறு கருகிக்கொண்டிருந்தது.

"என்னைக்குங்க நான் நல்லா நடத்தாம இருந்தேன்?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங். எங்க பெரியவ பிருந்தாவ இன்னிக்குப் பொண்ணு பாக்க வர்றாங்கங். பத்தரைக்கு மேல நல்ல நேரம். அந்நேரத்துக்கு எங்க சம்யுக்தா பாடத்தக் கவனிச்சுக்கிட்டே இருக்கோணும். வீட்டுல விளக்கு நின்னு எரியோணும். ஏற்கனவே ரெண்டு எடம் தட்டிப் போயிருச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கரட்டுப்புதூருக்கே தெரியும். இரண்டு முறையும் மாப்பிள்ளை வீட்டார் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் விளக்கு அணைந்தது. இரண்டு முறையும் வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது இதே ரேணுகாதேவிதான். அதற்குப் பிறகு கடைவீதியில் அவளைப் பார்க்கிற பெண்கள், கல்யாண வயதில் பெண்ணை வைத்திருப்பவர்கள் என்றால், கொஞ்சம் ஒதுங்கித்தான் போனார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த விளக்குச் சங்கதி விளங்காது. கரட்டுப்புதூர் நடுநிலைப்பள்ளிக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்று கவன விளக்கு என்று ஒரு சாமானை இலவசமாகக் கொடுத்திருந்தது. பெற்றோர் கூட்டத்தில் அந்தக் கம்பெனி இளைஞன் மைக்கைப் பிடித்து அழகாகத்தான் விளக்கினான்.

"அம்மா, உங்க பிள்ளை ஸ்கூல்ல என்ன செய்யறான்னு இப்ப உங்களுக்கு எப்பத் தெரியுது? ரேங்க் கார்டு வரும்போது. இனிமே ஒவ்வொரு நிமிஷமும் தெரியும். பெஞ்சுல சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா இருக்கு. பிள்ளையோட கண்ணு எங்க போகுது, கழுத்து எப்படிச் சாயுதுன்னு பார்க்கும். மனசு பாடத்துல இருந்தா உங்க வீட்டுல இந்த விளக்கு எரியும். வேற எங்கயாவது போச்சுன்னா அணைஞ்சிரும். அவ்வளவுதான். நீங்க வீட்டுல இருந்தபடியே வகுப்புல இருக்கலாம்."

எல்லாம் சரி. ஆனால் அந்தப் புண்ணியவான் அதைச் சுடர் வடிவத்தில் செய்திருந்தான். பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்தானாம். செல்போன் சார்ஜர் மாதிரி செய்திருந்தால் மிக்சிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்திருக்கும். ஆரஞ்சு நிறத்தில் அகல் சுடர் போலச் செய்து கையில் கொடுத்தால் நம் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள்? இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நேராகச் சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா விளக்குக்கும் சந்தனம், குங்குமம் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை மல்லிகைச் சரமும் ஏறியது.

சாமி மாடத்தில் ஏறிய விளக்கு அணையலாமா? அணைந்தது என்று வாயால் சொல்லக்கூட மாட்டார்கள், மலையேறிவிட்டது என்பார்கள். கரண்ட் போனால் மின்வாரிய ஆபீசுக்குப் போன் போடுவது போல பள்ளிக்கூடத்துக்குப் போன் வர ஆரம்பித்தது. "டீச்சர், எங்க வீட்டுல இப்பத்தான் மலையேறுச்சுங். எப்ப வரும்?"

நாட்ராயன் வீட்டில் தாத்தா சளிக் காய்ச்சலில் படுத்திருந்தார். பேரன் இலக்கண வகுப்பில் கொட்டாவி விட்டான். விளக்கு மலையேறியது. மதியத்துக்குள் மூன்று வேன் நிறைய உறவுக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். தாத்தா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "ஆருக்குடா மாலை?" என்று கேட்டார். வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. தாத்தா இன்னும் அந்தப் பேரனோடு பேசுவதில்லை.

கம்பெனி இளைஞன் ஓடிவந்து, "இது சகுனம் இல்லீங்க, வெறும் சென்சார்" என்று கையைப் பிசைந்தான்.

"சகுனம்னு ஆரு தம்பி சொன்னா? விளக்கு அணையக்கூடாதுன்னுதான சொல்றோம்" என்றார்கள்.

பிள்ளைகள் ஒன்றுக்குப் போக எழுந்தாலும் வீட்டில் பதறுகிறார்கள் என்பதால், பெஞ்சை விட்டு எழுந்தால் விளக்கு இருந்தபடியே நிற்கும்படி மாற்றிக் கொடுத்துவிட்டு அவன் பெங்களூருக்கே போய்விட்டான். கேமராவை யாராவது விரலால் மறைத்தால் தலைமையாசிரியர் அறையில் மணி அடிக்கும். தலைமையாசிரியர் குழந்தைவேலு தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். பாட அட்டவணையை முழுக்கக் கலைத்து, இலக்கணத்தையும் கணக்கையும் ராகு காலத்தில் போட்டார். எப்படியும் கெட்ட நேரம்தானே, அப்போது அணைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சனி ஞாயிறு விளக்கு எரியாது. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நடை சாத்தியிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

ரேணுகாதேவிக்குச் சகுனம் என்றாலே பற்றிக்கொண்டு வரும். அவளைப் பெண் பார்க்க வந்தபோது சுவரில் ஒரு பல்லி கத்தியது. அவள் அப்போது எம்.எஸ்சி. படிக்க ஆசைப்பட்டாள். அப்பாவிடம் சொல்லவும் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்காத பெரியவர்கள் பல்லி சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். பல்லி வாக்கில் கட்டிக்கொண்ட மனிதர் அன்று முதல் இன்று வரை டி.வி. ரிமோட்டைக் கையை விட்டு இறக்கியதில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பல்லி மட்டும் கையில் கிடைத்தால் என்று இப்போதும் சில நாள் நினைப்பாள்.

இருந்தாலும் சுலோச்சனா அழுகிற குரலில் கேட்டது மனதைப் பிசைந்தது. மூன்றாவது இடமும் தட்டிப்போனால் அந்தப் பெண்ணை ஊர் என்ன பேசும்? அந்தப் பழி நம் தலையில் விடியக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனாள். வாசலிலேயே குழந்தைவேலு காத்திருந்தார்.

"டீச்சர், இன்னிக்குக் கணக்குப் பக்கமே போயிராதீங்க. ஏதாச்சும் கத சொல்லுங்க. மிருகம், பேய், எதுவா இருந்தாலும் சரி. இந்த எடமும் போச்சுன்னா விளக்கே ராசியில்லைன்னு ஊரே திருப்பிக் குடுத்துரும். கம்பெனிக்காரன் நம்ம ஸ்கூல் போட்டோவப் போட்டுத்தான் வேற ஊருல வியாபாரம் பண்றான். என் மானம் உங்க கையில இருக்குது."

ஆறாம் வகுப்புச் சுவரில் ஒரு திரை. அதில் பிள்ளைகளின் பெயரோடு வரிசையாகக் குட்டிக் குட்டிச் சுடர்கள். யார் வீட்டில் எரிகிறது, யார் வீட்டில் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பத்தரை ஆனதும் ரேணுகாதேவி மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஆக்டோபஸ்ஸுக்கு எத்தனை இதயம் தெரியுமா?"

வகுப்பு நிமிர்ந்தது. திரையில் எல்லாச் சுடரும் திகுதிகுவென்று எரிந்தன. சம்யுக்தாவின் சுடர் மட்டும் வருவதும் போவதுமாகத் தவித்தது. ரேணுகாதேவி அவளைப் பார்த்தாள். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். உதடு எதையோ முணுமுணுத்தது. காதைக் கொடுத்துக் கேட்டால் மூன்றாம் வாய்ப்பாடு.

"மூணு இதயம்! நீந்தும்போது அதுல ஒண்ணு நின்னே போயிரும்."

"ஐயோ, நின்னா செத்துப் போயிராதுங்களா டீச்சர்?" என்று சம்யுக்தா கத்திவிட்டாள். அடுத்த நொடி தன் வாயில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டாள். அவள் சுடர் பளீரென்று எரிந்தது. அதைத் திரையில் பார்த்ததும் அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

ரேணுகாதேவி மற்றவர்களை ஆக்டோபஸ் படம் வரையச் சொல்லிவிட்டு அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன சாமி ஆச்சு? எதுக்கு வாயில அடிச்சுக்கற?"

"டீச்சர், நீங்க நல்லா நடத்தாதீங்க டீச்சர்" என்றாள் சம்யுக்தா, விக்கலுக்கு நடுவே. "எப்பவும் போல நடத்துங்க."

இது ஒரு பேச்சா என்று ரேணுகாதேவிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஆரு சொன்னாங்க அப்படி?"

"அக்கா. விளக்க எப்படியாச்சும் அணைச்சுப்போடு சம்யுன்னு சொல்லுச்சுங். அக்காவுக்கு ஈரோட்டுல லேபுல வேல கெடச்சிருக்குது. ரத்தமெல்லாம் பாட்டல்ல ஊத்திப் பாக்குற வேல. மாப்பள வீட்டுல வேலைக்கே போகக்கூடாதுங்கறாங்களாமா."

"அம்மாகிட்டச் சொல்லலையா அவ?"

"மூணு தடவ சொல்லுச்சுங். அம்மா 'சரி சரி, பூ வாங்கிட்டு வா'ன்னுச்சு. அப்பா செருப்பப் போட்டுக்கிட்டு வெளிய போயிருச்சு. அக்கா சொன்னா ஆரும் கேக்க மாட்டேங்கறாங்க டீச்சர். விளக்கு அணைஞ்சா மட்டும் ஒடனே கேட்டுக்கறாங்க."

"அப்ப முன்னாடி ரெண்டு தடவையும் நீதான் அணைச்சியா?"

"மொதத் தடவ நான் ஒண்ணுமே பண்ணலீங். அட்டவண மாத்தறதுக்கு முன்னால நீங்க பின்னம் நடத்துனீங்க. அதுவா அணைஞ்சுபோச்சு. அதப் பாத்துத்தான் அக்காவுக்கு இந்த ரோசனையே வந்துச்சு."

ரேணுகாதேவிக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அந்தப் பெண் பிருந்தாவும் இதே பள்ளியில், இவளிடம் படித்தவள்தான். பதில் தெரிந்தால் கையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு மேலேயே ஏறிவிடுகிற பிள்ளை. அது இப்போது சொந்த வீட்டில் ஒரு பல்பு மூலமாகப் பேச வேண்டியிருக்கிறது. அட பாவிகளா!

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் சலிப்பூட்ட வழியில்லை. செய்தால் முப்பத்தாறு வீட்டிலும்தான் அணையும். ஊரே கொதித்துப்போகும், குழந்தைவேலு தலையில் அடித்துக்கொள்வார், சம்பளத்துக்கே வேட்டு வந்தாலும் வரும். போகட்டும். அவள் விடுவிடுவென்று மேசைக்குப் போய், இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தாள்.

"படம் போதும். எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு இதக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் வாசிக்கத் தொடங்கினாள். "பார்வை ஒன்றில் காணும் செயல்முறைகளின்படியும், பார்வை இரண்டில் காணும் திருத்தத்தின்படியும், அனைத்து வகைப் பள்ளிகளிலும் அமைந்துள்ள மேல்நிலைக் குடிநீர்த் தொட்டிகளின் மூடிகள் மூடப்பட்டுள்ளனவா என்பதைத் தொடர்புடைய அலுவலர்கள் உறுதி செய்துகொள்ளுமாறு ஏற்கனவே அறிவுறுத்தப்பட்டிருந்தும்..."

தொட்டி மூடியின் விட்டம் வருவதற்குள் பின் பெஞ்சு முழுக்கச் சாய்ந்தது. துருப்பிடித்த மூடிகளை அப்புறப்படுத்தும் நெறிமுறைக்கு வந்தபோது நடு வரிசை போயிற்று. திரையில் சுடர்கள் ஒவ்வொன்றாகப் பொசுக்கு பொசுக்கென்று அணைந்தன. வெளியே தெருவில் யாரோ ஒரு பெண் "அய்யய்யோ, சாமீ!" என்று அலறினாள். ஆபீஸ் அறையில் போன் அடித்தது. ரேணுகாதேவியின் கைப்பையில் போன் துடித்தது. கோயில் மணியை எவனோ விடாமல் ஆட்டினான். அவள் நிறுத்தவில்லை. இணைப்பு ஒன்றையும் வாசித்தாள்.

கடைசியில் திரையில் ஒரே ஒரு சுடர் மிஞ்சியது. சம்யுக்தாவுடையது. அது அணையவில்லை. அணைவது என்ன, அப்படி ஒரு வெளிச்சத்தை அந்தத் திரை அதுவரைக்கும் கண்டதே இல்லை.

பிள்ளை இமைக்காமல் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சலிக்கும், இதோ சலிக்கும் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் காத்திருந்தாள். தன் அக்காவுக்காக ஒரு டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டி மூடியைப் பற்றி வாசிக்கும்போது எந்தப் பிள்ளைக்குத்தான் கவனம் சிதறும்?

"வேற எதையாச்சும் நெனை கண்ணு" என்று ரேணுகாதேவி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"முடியலீங் டீச்சர்" என்று சம்யுக்தாவும் உதட்டை அசைத்தாள். அழுதுகொண்டே பார்த்தாள். அழுதாலும் கண் நகரவில்லை.

குழந்தைவேலு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். திட்டத்தான் வருகிறார் என்று பார்த்தால் முகமெல்லாம் பல்.

"டீச்சர்! நீங்க சாதாரண ஆளு இல்லீங்க! ஊருல ஒரு வீடு பாக்கியில்லாம அணைஞ்சுபோச்சு. சுலோச்சனா வீட்டுல மட்டும் ஜெகஜ்ஜோதியா எரியுதாம். மாப்பள வீட்டுக்காரங்க எந்திரிச்சு நின்னு கும்புடறாங்களாம். இப்படி ஒரு பொண்ணு எங்க கெடைக்கும்னு மாப்பளையோட அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்களாம்!"

ரேணுகாதேவி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பல்லியைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தவள் தானே போய் ஒரு பெண்ணுக்குப் பல்லியாகிவிட்டாளே! சம்யுக்தாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே அவளால் முடியவில்லை. பிள்ளை எழுந்து வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் அவள் சுடர் அப்படியே உறைந்து நின்றது.

அப்போது சுலோச்சனாவிடமிருந்து போன் வந்தது. ரேணுகாதேவி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், விளக்கு நல்லா எரிஞ்சுதுங். உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்" என்றாள் சுலோச்சனா. குரல் விசித்திரமாக இருந்தது. காய்ச்சல் விட்டவள் பேசுவது போல இருந்தது. "ஆனா பாருங், எங்க பிருந்தா நடுவூட்டுல வந்து நின்னுக்கிட்டு, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், நான் வேலைக்குப் போகோணும்னு சொன்னாளுங். அந்தம்மா இவள ஏறிட்டும் பாக்கல. விளக்கப் பாத்துக்கிட்டே, 'அதான் எரியுதே கண்ணு'ன்னாங்க. இவ மறுக்காச் சொன்னா. அவங்க மறுக்காவும் 'எரியுதே'ன்னாங்க. அப்பறம் இவ என்ன பண்ணுனாங்கறீங்க?"

"என்ன பண்ணுனா?"

"மாடத்துலருந்து விளக்க எடுத்து, பொட்டும் பூவுமா அந்தம்மா மடியில வெச்சு, 'அப்ப இதையே உங்க பையனுக்குக் கட்டி வெச்சுக்கோங்க, நல்லா எரியும், எதுத்துப் பேசாது'ன்னு சொல்லிப்போட்டாளுங்."

ரேணுகாதேவி மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "ஐயையோ. சண்டையா?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங். அந்தம்மா கொஞ்ச நேரம் விளக்கையே பாத்தாங்க. பையன் மொகத்தப் பாத்தாங்க. அப்பறம் எடுத்துக்கிட்டாங்க."

"எதை?"

"விளக்கத்தானுங். முந்தானையில சுத்தி எடுத்துக்கிட்டுக் கார்ல ஏறிப் போயிட்டாங்க. கொண்டாந்த பழத்தட்டக்கூட எங்களுக்கே வெச்சுட்டுத்தான் போயிருக்கறாங்க. நெம்ப சந்தோசமாத்தான் போனாங்க."

பக்கத்தில் காதைக் கொடுத்து நின்ற குழந்தைவேலுவின் முகம் வெளிறியது. "விளக்கு அவங்க வீட்டுக்குப் போயிருச்சா? அப்ப நாளைக்கு நீங்க இங்க பின்னம் நடத்துனா..."

"அங்க அணையும்" என்றாள் ரேணுகாதேவி. அவளுக்கு நாளைக்கே பின்னம் நடத்த வேண்டும் போல ஆசையாக இருந்தது.

போனில் சுலோச்சனா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "மூணு தடவ எங்கிட்டச் சொன்னாளாமா டீச்சர். எனக்குக் காதுலயே ஏறல பாருங். இப்ப உள்ள உக்காந்து பழம் தின்னுக்கிட்டிருக்கறா. நான் இன்னும் அவகிட்டப் போகல, என்னத்தப் பேசறதுன்னு ஓடல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அது கெடக்குதுங். சின்னவள நெனச்சாத்தான் கவலையா இருக்குது. விளக்கு வேற போயிருச்சு. இனிமே அவ பள்ளிக்கோடத்துல என்ன பண்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் வீட்டுக்குத்தானே வருவா. அவகிட்டயே கேளுங்க."

 சுலோச்சனா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "என்னன்னு கேக்கறதுங் டீச்சர்?"

ரேணுகாதேவி போனைக் கையால் பொத்திக்கொண்டு சம்யுக்தாவின் பக்கம் குனிந்தாள். "அக்கா கல்யாணம் நின்னு போச்சு கண்ணு. அவளே சொல்லி நிறுத்திட்டா. அம்மா உங்கிட்டப் பேசோணுமாம். சாயங்காலம் உங்கிட்ட என்ன கேக்கட்டும்?"

சம்யுக்தா பாவாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"விளக்கு அணைஞ்சிருந்தப்பல்லாம் நான் என்ன நெனச்சுக்கிட்டிருந்தேன்னு கேக்கச் சொல்லுங் டீச்சர்" என்றாள். "நெறைய இருக்குது."